நிலம் அதிர்ந்த பின் நம் கடமை

(தென்னேரியில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)

ஊராட்சி உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

2004 டிசம்பர் 26 அன்று, இந்தியப் பாறைத்தட்டு பர்மாத் தட்டின் அடியில் செருகும் எல்லை, சுமத்ரா முதல் அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளந்து நழுவியது. ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியது. நில அதிர்ச்சி சென்னையிலும் உணரப்பட்டது.

பூமி அத்துடன் அடங்கவில்லை. மறுமாதம் அந்தமான் கடலடியில் சில நாட்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட அதிர்ச்சிகள் தோன்றின. 2005 மார்ச் 28 அன்று நியாஸ் தீவருகே 8.6 அளவில் மற்றொரு பெருநடுக்கம் நேர்ந்தது. ஓரிடத்தில் தளர்ந்த இறுக்கம், அண்டைப் பாறைகளின் மேல் சுமையாக ஏறுவதே காரணம்.

ஆகவே, இங்கு அதிர்ச்சி உணரப்படின், விரிசல் கண்ட வீட்டிற்குள் உடனே திரும்பலாகாது. தறியையும் தானியத்தையும் பிறகு காக்கலாம். ஏரிக்கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றில் கசிவு உண்டா என நாம் அன்றே பார்ப்போம், மறுநாளும் பார்ப்போம்.