முப்பத்தேழரை டாலர் துப்பாக்கி



ஒரு பொருளின் விலையைக் கேட்ட மாத்திரத்தில் அதன் தரத்தையும் முடிவு செய்துவிடுவது மக்களிடம் ஊறிப்போன வழக்கம். விலை மிகுந்தால் உயர்ந்தது; குறைந்தால் தாழ்ந்தது. சந்தையில் பெரும்பாலும் இக்கணக்குப் பலித்துவிடுகிறது. அதனாலேயே அது பொய்த்துப்போகும் இடங்களை நாம் கவனிப்பதில்லை. அத்தகைய இடம் ஒன்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கைத்துப்பாக்கி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியலும் கைத்தொழிலும் வாணிபமும் சட்டமும் ஒரே கருவியில் வந்து கூடும்போது, ஆசிரியன் அதைக் கண்டு ஒதுங்கிப் போவானேன்?

அமெரிக்க நாட்டில் வில்லியம் ரூகர் என்று ஒருவர் இருந்தார். 1916ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே துப்பாக்கிகளின் உள்ளமைப்பில் தீராத பற்றுக் கொண்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைக்கலம் செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றிவிட்டு, போர் முடிந்ததும் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஸௌத்போர்ட் என்னும் சிற்றூரில் தச்சுக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கருவிகள் நல்லவைதாம். ஆனால் அவற்றைச் செய்ய ஆன செலவு, விற்ற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. தொழில் முறிந்தது. நன்றாகச் செய்தால் மட்டும் போதாது, கட்டுப்படியாகும்படி நன்றாகச் செய்ய வேண்டும் என்னும் பாடத்தைப் பட்டறையை இழந்து கற்றார் அவர்.

இதற்கிடையே, 1945இல், போர்முனையிலிருந்து திரும்பிய அமெரிக்க மரைன் படை வீரர் ஒருவரிடமிருந்து ஜப்பானிய நம்பு கைத்துப்பாக்கி ஒன்று ரூகரின் கைக்கு வந்திருந்தது. அதைப் போலவே இரண்டு துப்பாக்கிகளைத் தம் வீட்டுக் கொட்டகையில் செய்து பார்த்தார். விற்பதற்காக அன்று, அது எப்படி இயங்குகிறது என்று கையால் அறிவதற்காக. பிறர் செய்ததை விளங்கிக்கொண்டு படியெடுப்பதும் ஒரு கல்வியே.

தொழில் முறிந்து நின்றவருக்குக் கைகொடுத்தவர் அலெக்ஸாண்டர் ஸ்டர்ம் என்னும் இளைஞர். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், ஓவியர், பழைய படைக்கலங்களைச் சேர்ப்பதில் விருப்பமுள்ளவர். அவர் 50,000 டாலர் முதல் போட்டார். 1949இல் 'ஸ்டர்ம் ரூகர்' என்ற கம்பெனி பிறந்தது. அதன் அடையாளமான சிவப்புக் கழுகுச் சின்னத்தை வரைந்தவரும் ஸ்டர்மே. 1951இல், இருபத்தெட்டு வயதில், அவர் நோயுற்று இறந்தார். ரூகர் அந்தச் சிவப்புக் கழுகைக் கறுப்பாக மாற்றினார்.

அந்தக் கம்பெனியின் முதற் சரக்குதான் நாம் பேச வந்த கைத்துப்பாக்கி. விலை 37 டாலர் 50 சென்ட். அக்காலத்தில் அதே வேலைக்குப் பெயர்பெற்றிருந்த கோல்ட் கம்பெனியின் 'உட்ஸ்மன்' கைத்துப்பாக்கியின் விலை இதனினும் மிகுதி. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950 ஜனவரியில் அந்நாட்டுச் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஆக, ஐம்பது மணி நேர உழைப்பில் கடைநிலைத் தொழிலாளி ஒருவரும் அதை வாங்கலாம்.

இவ்வளவு மலிவாக அதை எப்படிச் செய்தார்? இவ்விடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும். ஜெர்மானியரின் புகழ்பெற்ற லூகர் கைத்துப்பாக்கியை நீங்கள் திரைப்படங்களில் கண்டிருக்கலாம். சாய்ந்த பிடியும் மெலிந்த குழலுமாகப் பார்வைக்கு மிக அழகியது. ஆனால் முழு எஃகுக் கட்டியைக் கடைந்தும் செதுக்கியும் உறுப்பு உறுப்பாகப் பொருத்த வேண்டியிருந்தமையால் அதற்குச் செலவு மிகுதி. ரூகர் அதன் சாய்வை எடுத்துக்கொண்டார், செய்முறையை விட்டுவிட்டார். பிடியை எஃகுத் தகட்டில் இரண்டு பாதிகளாக அச்சில் அழுத்தி எடுத்து, விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்றவைத்தார். மேற்பகுதி வெறும் உருளைக் குழாய். அதனுள் முன்னும் பின்னும் ஓடும் தாழும் ஓர் உருளையே. கடைசல் இயந்திரத்துக்கு உருளையைக் காட்டிலும் எளிய வேலை ஏது? தட்டை வில்களுக்கு மாறாகக் கம்பிச் சுருள்வில்களை வைத்தார். வளைந்து களைத்துப்போகும் தட்டை வில்லைவிடச் சுருள்வில் மலிவு, உழைப்பும் அதிகம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல கைத்துப்பாக்கிகளில் குறி பார்க்கும் பின்முனை, சுடுந்தோறும் பின்னோடி மீளும் மேற்பகுதியின்மேல் அமைந்திருக்கும். இதிலோ குழல் உருளைக் குழாயில் இறுகத் திருகப்பட்டிருக்கிறது. முன் குறி குழலின்மேல். பின் குறி குழாயின்மேல். இரண்டும் அசைவதில்லை; உள்ளிருக்கும் தாழ் மட்டுமே ஓடுகிறது. குறி தப்பாமைக்கு இது பெரிய துணை. மலிவுக்காக எடுத்துக்கொண்ட அமைப்பே தரத்தையும் கொண்டுவந்து சேர்த்தது!

இதனை 'அரைத் தானியங்கி' என்பர். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு குண்டுதான் புறப்படும். ஆனால் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளுவதும், அடுத்த தோட்டாவை ஏற்றுவதும், மறுபடி சுடுவதற்கு ஆயத்தமாவதும் தாமே நிகழும். எந்த வலிமையால்? வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்த நியூட்டனின் மூன்றாம் விதியால்தான். மருந்து எரிந்து எழும் வாயு, குண்டை முன்னே தள்ளுகிறது. அதே அளவு வெற்றுக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. குண்டின் எடை 2.6 கிராம் அளவே. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர். பின்னே தள்ளப்படும் தாழோ அதனினும் பன்மடங்கு கனமானது. ஆகவே மெதுவாக நகரும். அது போதிய தூரம் நகர்ந்து வாயில் திறப்பதற்குள் குண்டு குழலை விட்டுப் போயிருக்கும். பூட்டு இல்லை, நெம்புகோல் இல்லை. கனமும் ஒரு சுருள்வில்லும்தாம் காவல். சிறிய தோட்டாவுக்கு இது போதும்.

இத்தனையிருந்தும் தகட்டில் அழுத்திச் செய்த துப்பாக்கி என்றதும் முகஞ்சுளித்தவர் உண்டு. அதற்குக் காரணம் இருந்தது. போர்க் காலத்தில் அவசரத்துக்குத் தகட்டில் செய்த ஆங்கிலேயரின் 'ஸ்டென்' துப்பாக்கி அழகற்றது, முரடானது. தகடு என்றாலே மட்டம் என்னும் எண்ணம் பரவியிருந்தது. ஆனால் 'அமெரிக்கன் ரைபிள்மேன்' இதழில் மேஜர் ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் இதனைச் சோதித்து நல்ல கருத்து எழுதினார். வாங்கியோர் கைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. பெரிய மாறுதலின்றி 1981 முடிய அதே வடிவில் செய்யப்பட்டு வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! முகஞ்சுளித்தவர்களுக்கு இதனினும் மறுமொழி வேண்டா.

இதுவரை பேசியது இத்துப்பாக்கியின் தரத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்களைப் பற்றி. இதன் தீங்கைக் குறைத்து மதிப்பிடுவோரும் உளர். எனக்குக் கவலை தருவோர் அவர்களே.

இது சுடுவது .22 தோட்டா, குண்டின் குறுக்களவு ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். தேசிய மாணவர் படையில் சேர்ந்திருப்போர் சுடும் பயிற்சியில் கையாளும் அதே அளவுதான். 1887 முதல் வழங்கி வரும் இத்தோட்டா மலிவானது, கையை உதைக்காது, ஓசையும் மிகுதியில்லை. ஆகவே, 'இது குருவி சுடுகிற குண்டுதானே' என்று பேசுவார்கள். சுண்டு விரல் நகம் போன்ற அந்தக் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று தீங்கு செய்ய வல்லது. 1968 ஜூனில் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டது .22 சுழல் துப்பாக்கியால். 1981 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ரீகன் சுடப்பட்டதும், அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி வாழ்நாள் முழுதும் முடமானதும் மலிவான மற்றொரு .22 சுழல் துப்பாக்கியால். அவை ரூகர் செய்தவை அல்ல. ஆனால் குண்டு அதே சின்னஞ்சிறு குண்டு.

மலிவான பொருளை மக்கள் மலிவாகவே கையாளுகிறார்கள். முப்பத்தேழரை டாலர் கொடுத்து வாங்கியதை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள். பிடிக்குள் இருக்கும் தோட்டாக் கூட்டில் ஒன்பது தோட்டாக்கள் அடங்கும். அந்தக் கூட்டை உருவிவிட்டால் துப்பாக்கி வெறுமையாயிற்று என்று நினைப்பவர் பலர். அது பிழை, உயிரைக் குடிக்கும் பிழை. முன்பே குழலின் அடியில் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். தாழைப் பின்னே இழுத்துக் கண்ணால் பார்த்தாலொழிய அது தெரியாது. முதன்முதல் வந்த ரூகர் துப்பாக்கியில், கூடு இல்லாத நிலையிலும் விசையை இழுத்தால் அந்த ஒன்று வெடிக்கும். கூடு இல்லையேல் சுடாதபடி தடுக்கும் அமைப்பு 2004இல் வந்த மூன்றாம் வடிவில்தான் சேர்ந்தது.

பெட்டியின் பூட்டும், தோட்டாவைத் தனியே வைக்கும் ஒழுங்கும், குழந்தைகளுக்கு எட்டாத இடமும் விலைச்சீட்டில் எழுதப்படாத விலைகள். வீட்டில் மனம் உடைந்து கிடப்பவர் ஒருவர் இருந்தால் அந்தப் பூட்டின் மதிப்பு இன்னும் பெரிது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற வணிகர், பூட்டோ பாதுகாப்புக் கருவியோ சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று அந்நாடு 2005இல் சட்டம் செய்தது. 1949க்கும் 2005க்கும் இடையே ஐம்பத்தாறு ஆண்டுகள்.

அதற்கு முன் இருந்த நிலையோ இன்னும் தளர்வானது. விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதினால் துப்பாக்கி வீடு தேடி வரும். 1963இல் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி அவ்வாறு வரவழைக்கப்பட்டதே. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகே அவ்வழி அடைக்கப்பட்டது. அவ்வாண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற வணிகர் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கலாகாது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இதனினும் கடுமையானது. உரிமம் கோருவோர் அரசு அதிகாரியிடம் விண்ணப்பித்து, காவல்துறை விசாரணைக்கு உட்பட்டு, தக்க காரணம் காட்டியாக வேண்டும். பணம் இருக்கிறது என்பது காரணம் ஆகாது.

ரூகர் கைத்துப்பாக்கியின் கதையில் எஞ்சியது சிறிதே. அதை வாங்கியோர் எல்லாரும் ஒரு குறை சொன்னார்கள்: துடைப்பதற்காகப் பிரித்துவிட்டால் மறுபடி பூட்டுவது பெரும்பாடு. 1982இல் இரண்டாம் வடிவம் வந்தது, 2004இல் மூன்றாவது வந்தது, குறை தீரவில்லை. 2016இல் வந்த நான்காம் வடிவத்தில், பின்புறமுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்பகுதி சாய்ந்து கழலும்படி செய்தனர். அறுபத்தேழு ஆண்டுக் குறை தீர்ந்தது என்று மகிழ்ந்தார்கள். மறு ஆண்டே, 2017 ஜூனில், கம்பெனி ஓர் எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. பாதுகாப்புத் தாழ்ப்பாள் முழுதும் பூட்டாமலும் முழுதும் திறவாமலும் நடுவே நிற்கையில் விசை இழுக்கப்பட்டால் அப்போது சுடாது. பிறகு தாழ்ப்பாளைத் திறக்கும்போது, எவரும் விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும். துப்பாக்கியைப் பயன்படுத்த வேண்டா, திருப்பி அனுப்புங்கள், செலவின்றிச் செப்பனிட்டுத் தருகிறோம் என்று அறிவித்தார்கள்.

வில்லியம் ரூகர் 2002இல் காலமானார். 1970களின் பிற்பகுதி முதல் அவருடைய கம்பெனி செய்த துப்பாக்கிகளில், எஃகின் மீதே ஒரு வாசகம் பொறிக்கப்பட்டு வந்தது. துப்பாக்கியைக் கையாளுமுன் விளக்க நூலில் உள்ள எச்சரிக்கைகளைப் படிக்கவும், அந்நூல் கம்பெனியிடமிருந்து இலவசமாகக் கிடைக்கும் என்பது அதன் பொருள். எஃகின் அழகைக் கெடுக்கிறது என்று அதை வாங்கியவர்களில் பலர் குறைபட்டுக்கொண்டார்கள். கம்பெனி அந்த வாசகத்தை எடுக்கவில்லை.