கருகிய பிளக் பாயிண்ட்: காரணமும் காப்பும்

இன்று இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள் உருவில் மிகச் சிறியது. அணைக்கட்டுகள், அனல் மின் நிலையங்கள், உயர் அழுத்தத் தடங்கள் ஆகியவற்றைப் பற்றிய பேச்சுகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. ஆயினும் அங்கெல்லாம் உற்பத்தியாகிப் பல நூறு கிலோமீட்டர் கடந்து வரும் மின்விசை, கடைசியில் வீட்டுச் சுவரில் உள்ள ஓர் உள்ளங்கையளவுப் பிளக் பாயிண்டின் வழியாகவே மனிதனுக்குப் பயன்படுகிறது. அந்த இடம் கருகிப்போனால் என்ன செய்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சௌபாக்கியா திட்டத்தின்கீழ் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் மின் இணைப்புப் பெற்றன. இது பெருமைக்குரிய செய்தி. அதே நாட்டில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்துள்ளனர். இணைப்பு வழங்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தில்லியில் ஒரு டிசம்பர் மாதக் காலைப் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். பழைய குடியிருப்பு ஒன்றில் குளியலறைக் கீசர் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாட்களாகவே சுவரருகே மீன் நாற்றம் போன்ற ஒரு வாடை. பிளக்கைத் தொட்டால் சூடு. வெள்ளை நிறமாயிருந்த சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம். கீசர் வழக்கம்போல் வெந்நீர் தருகிறது, ஃபியூஸ் போகவில்லை, எம்.சி.பி. விழவில்லை. ஆகவே, ஆபத்து ஒன்றுமில்லை என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். பராமரிப்பு அலுவலகத்துப் புகார்ப் புத்தகத்தில் எழுதியாயிற்று, ஆள் வரும்வரை ஓடட்டும் என்பது அவர்கள் வாதம். ஆள் வருவதற்கு எத்தனை நாட்கள் ஆகும் என்பது அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் நன்கறிந்ததே.

ஃபியூஸ் ஏன் போகவில்லை? இக்கேள்விக்கு விடை தெரிந்தவர் அந்தக் கீசரை மீண்டும் போடமாட்டார். 3 கிலோவாட் கீசர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் உள்ளே உள்ள பித்தளைப் பிடியும் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால், அவ்விடத்தின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குகளே. அங்கு எழும் வெப்பம் ஒரு வாட் அளவுகூட இராது. பிடி தளர்ந்தாலோ, பின்புறத்தில் கம்பியைப் பற்றியுள்ள திருகாணி இளகினாலோ தடை கூடுகிறது. அது அரை ஓம் ஆகிவிட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பார்த்தால் அந்தச் சிறு புள்ளியில் மட்டும் ஏறக்குறைய 80 வாட் வெப்பம் எழுகிறது. பழைய குண்டு விளக்கு ஒன்றைச் சாக்கெட்டுக்குள் அடைத்து எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். தடை கூடியதால் மொத்த மின்னோட்டமோ 13 ஆம்பியரிலிருந்து சற்றுக் குறையவே செய்கிறது. ஃபியூஸும் எம்.சி.பி.யும் மிகுதியான மின்னோட்டத்தைக் காணும் காவலர்கள். இங்கு அவற்றின் கண்ணுக்குப் படுவது குறைந்த மின்னோட்டம். மின்கசிவைக் காணும் ஆர்.சி.சி.பி. கருவியும், மின்சாரம் வேறு வழியே ஒழுகாதவரை அசையாது.

வெப்பம் மேலும் கேடு விளைவிக்கிறது. சூட்டினால் உலோகத்தின்மேல் ஆக்சைடு படிகிறது. ஆக்சைடு தடையைக் கூட்டுகிறது. கூடிய தடை மேலும் சூட்டை உண்டாக்குகிறது. பித்தளைப் பிடியின் வில்தன்மை இற்றுப்போகிறது. வீட்டுக் கம்பிகளின் பி.வி.சி. உறை பொதுவாக 70 டிகிரி செல்சியசுக்கு உட்பட்டே பயன்படுத்தத் தக்கது; அதற்கு மேல் இளகிப் பின் மொறுமொறுப்பாகி உதிர்கிறது. செம்புத் தட்டுப்பாட்டினால் 1960, 1970களில் பல கட்டிடங்களில் அலுமினியக் கம்பி இழுக்கப்பட்டது. திருகாணியின் அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் நசுங்கிப் பிடியைத் தளர்த்தும் இயல்புடையது. அக்காலத்துக் கட்டிடங்களில் இன்னும் அக்கம்பி இருப்பின், அங்கு இத்தொல்லை மிகுதியாக எதிர்பார்க்கத் தக்கது.

கருகல் கண்டவுடன் செய்யத்தக்கது யாது? பலரும் முதலில் பிளக்கைப் பிடுங்குகின்றனர். இது தவறு. கருகிய உறை கையோடு வந்து, மின்னேறிய உலோகம் விரலில் படக்கூடும். அருகிலுள்ள சுவிட்சை நம்புவதற்கும் இல்லை. அதுவும் உள்ளே வெந்து ஒட்டியிருக்கலாம், அல்லது வேலை தெரியாத ஒருவர் அதனை ஃபேஸ் கம்பியில் அன்றி நியூட்ரலில் இணைத்திருக்கலாம். ஆகவே முதலில் செல்ல வேண்டிய இடம் மெயின் சுவிட்சு. அதனை அணைத்து, சூடு ஆறிய பின்னரே பிளக்கை எடுத்தல் வேண்டும். தீ எழுந்துவிட்டால் தண்ணீர் ஊற்றுதல் கூடவே கூடாது. மெயினை அணைத்து, உலர்ந்த மணலையோ, கரியமில வாயு அல்லது உலர்பொடித் தீயணைப்பானையோ பயன்படுத்தலாம். தீ கைமீறினால் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவிப்பதே முறை.

இன்று பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வழியாகச் சில பாயிண்டுகளில் மின்சாரம் தொடர்ந்து இருக்கும். மின்தடைக் காலத்துக்காக வாங்கி வைத்த பொருள், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கைவைத்தவரைத் தாக்குவதற்கு இடமுண்டு. அதனையும் தனியே அணைத்தாக வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்ட பின்பே, பழுதான இடத்தில் வைத்துச் சோதித்தல் வேண்டும். எரியாத டெஸ்டர், தானே பழுதுபட்டதாகவும் இருக்கலாம் அன்றோ?

பழுதை யார் நீக்குவது என்பதில் சட்டம் தெளிவாக உள்ளது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும், பின்னர் 2010ஆம் ஆண்டில் மத்திய மின்சார ஆணையம் வகுத்த ஒழுங்குமுறைகளும், மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்று பெற்றவர்களுமே செய்ய வேண்டும் எனக் கூறின. விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்சு போன்றவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதவாறு மாற்றுவதற்கு மட்டுமே விலக்கு அளித்தன. 6 ஆம்பியர் சாக்கெட்டை எடுத்துவிட்டு அதே பழைய மெல்லிய கம்பியில் 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பொருத்துவது இந்த விலக்கில் அடங்காது. நடைமுறையில் மிகுதியாக நிகழ்வது அதுவே. கம்பி உள்ளே சுவருக்குள் சூடேறுவதை எவரும் காண்பதில்லை.

வேலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கருகிய பிளக்கை அதிலேயே செருகினால், சில வாரங்களில் புதிய சாக்கெட்டும் கருகும். முள்ளின்மேல் படிந்த ஆக்சைடும் சொரசொரப்பும் புதிய பிடியைக் கெடுத்துவிடும். எனவே பிளக், சாக்கெட் இரண்டும் ஒருங்கே மாற்றப்பட வேண்டும். கருத்துப்போன கம்பி நுனியை, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி எடுத்தல் வேண்டும். உறை மொறுமொறுப்பாகியிருப்பின் புதுக் கம்பி இழுப்பதே முறை. டேப்பைச் சுற்றி மறைப்பது பழுதை ஒளித்து வைப்பதாகும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனிச் சுற்று, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாக்கெட் ஆகியன வேண்டும். எர்த்துத் துளை மேலே இருக்குமாறு முன்னின்று பார்க்கையில் ஃபேஸ் வலப்புறத்தில் அமைதல் வேண்டும். எர்த்துக் கம்பி வெறுமனே தொங்குகிறதா, உண்மையில் நிலத்தோடு இணைந்திருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிடுதல் நல்லது.

மாணவர் விடுதிகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். 1500 வாட் இம்மர்ஷன் ராடு ஒன்று ஆறரை ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு எட்டரைக்கும் மேல். மாற்று முளை ஒன்றின் உதவியால் இவை 6 ஆம்பியர் துளையில் செருகப்படுகின்றன. விடுதிக் காப்பாளர்கள் தடை அறிவிப்பு ஒட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். குளிர்காலத்தில் வெந்நீருக்கு வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் அறிவிப்பு மட்டும் பயன் தராது. முறையான பவர் பாயிண்டுகளைக் கொண்ட ஓர் அறையை ஒதுக்குவதற்கு ஆகும் செலவு பெரிதன்று.

அலுவலகங்களில் புகார்ப் புத்தகத்தைப் பார்ப்போர்க்கும் ஒரு செய்தி உண்டு. குழாய்க் கசிவும் கதவுத் தாழ்ப்பாளும் வரிசைப்படி காத்திருக்கலாம். "பிளக்கில் வாடை" என்று எழுதப்பட்ட வரி அவ்வாறு காத்திருக்கத் தக்கதன்று. அன்றே ஆள் அனுப்ப இயலாவிடில், அந்தச் சுற்றை எம்.சி.பி.யில் அணைத்து வைக்குமாறு குடியிருப்போருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அதற்குத் தொலைபேசியில் ஒரு நிமிடம் போதும்.

வேலை முடிந்தபின் கீசரை அரைமணி நேரம் ஓடவிட்டு, பிறகு மின்சாரத்தை அணைத்து, பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். சற்றே இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் திருகாணி இன்னும் இறுகவில்லை என்று பொருள். அகற்றப்பட்ட பழைய சாக்கெட்டை அங்கேயே உடைத்துவிடுவது நல்லது. பணியாளரின் பெட்டியில் அது முழுமையாகக் கிடந்தால், அவசரத்துக்கு வேறொரு வீட்டுச் சுவரில் ஏறிவிடும்.