கை பேசினால் மொழியாகாதா?

நடுவர் அவர்களே! "வாயிலிருந்து வந்தால்தான் மொழி, கையால் காட்டுவது வெறும் ஜாடை" என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். முழங்கும்போது அவர் கை சும்மா இருந்துச்சா? (சிரிப்பு)

இதையேதான் 1880-ல் மிலான் நகரத்துல மாநாடு கூட்டித் தீர்மானம் போட்டாங்க. காது கேளாத பிள்ளைகள் எத்தனையோ பள்ளிகளில் கையைக் கட்டி உட்கார வேண்டியதாயிற்று.

1955-ல் வாஷிங்டனில் உள்ள கேலடெட் கல்லூரிக்கு, காது கேளாதவர்களுக்கான கல்லூரி அது, வில்லியம் ஸ்டோக்கி ஆங்கிலம் நடத்தப் போனார். நம்மைப்போல இலக்கிய வாத்தியார்தான். மாணவர்கள் கையால் பேசுவதைப் பார்த்தார். 'அட, இதுல இலக்கணம் இருக்கே!' என்று பட்டது.

நாம 'கல்'லுன்னா ஒரு பொருள், 'பல்'லுன்னா வேறு பொருள். அமெரிக்கச் சைகை மொழியிலும் அதே கதைதான். ஐந்து விரலையும் விரித்து, கட்டைவிரலால் நெற்றியைத் தொட்டால் அப்பா. அதே கையை இறக்கி முகவாய்க்கட்டையில் தொட்டால் அம்மா! இடம் மாறினா பொருளே மாறிடுது. (நம்ம வீட்டில் அம்மா ஊருக்குப் போனா சாப்பாடே மாறிடும், அது வேற விஷயம்!)

கையின் வடிவம், இடம், அசைவு என்று பிரித்து 1960-ல் எழுதினார். கூட இருந்த ஆசிரியர்களே கேலி செய்தார்கள். மனுஷன் விடலையே! காது கேளாத இருவர், கார்ல் க்ரோன்பெர்க், டோரதி காஸ்டர்லைன், துணையோடு 1965-ல் அகராதியே கொண்டுவந்துட்டார்.

இன்று அதே கேலடெட்டில் சைகை மொழிக்கு மொழியியல் துறையே இருக்கு, முனைவர் பட்டம் வரைக்கும். தம்பி! அங்கே போய் நீங்க எவ்வளவு முழங்கினாலும், 'பாவம், மொழி தெரியாதவர்' என்று ஓரமா உட்கார வச்சிடுவாங்க! (கைதட்டல்)