பிரித்துத் தைக்கக் கற்றோம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1984 ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பினரும் தமக்குப் பெருமை தரும் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று எம்மிடம் கேட்கப்பட்டது. எங்கள் வகுப்பிலும் வைத்தியர்கள் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் கூடிப் பேசித் தெரிவு செய்த விடயம் வீட்டுத் தையல். வாசலருகே உள்ள மேசையில் நாங்கள் தைத்த பைகளும் தலையணை உறைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் தையல் நேராக ஓடவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். ஐம்பது வயது தாண்டியபின் கற்றுக்கொண்டவர்களின் தையல் அது. ஏன் அவ்வளவு பிந்தியது என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறோம்.

ஏழாம் வகுப்பில் எங்களுக்குக் கிடைத்த முதல் தையல் வேலை ஒரு லேஞ்சி. வெள்ளை வொயில் துணியில் 12 அங்குலச் சதுரம். நான்கு பக்கமும் ஒடுக்கமாக மடித்துக் கையால் தைத்து, ஒரு மூலையில் சங்கிலித் தையலால் ஒரு பூ. இவ்வளவுதான். எங்கள் தையல் ரீச்சர் லேஞ்சியை வாங்கியதும் முதலில் பிறப்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கத்துப் பூவை அவர் பார்த்ததாக எங்களுக்கு நினைவில்லை. பின்னால் நூல் முடிச்சு தொங்கினால், "பிள்ளை, பிரிச்சுப்போட்டுத் திரும்பத் தையும்" என்று திருப்பித் தந்துவிடுவார். அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் 'பிரித்தல்'தான்.

எங்களிற் பலர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டோம். நாங்கள் கணிதமும் விஞ்ஞானமும் படித்துப் பெரிய ஆட்களாக வரப்போகிறவர்கள். ஊசியில் நூல் கோத்து நேரத்தைப் போக்காட்டலாமா? எனவே ஒரு வழி கண்டுபிடித்தோம். எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக் கை அவ்வளவு நேர்த்தி. அவளிடம் எங்கள் லேஞ்சிகளைக் கொடுத்துவிட்டு, அவளுடைய அட்சரகணிதக் கணக்குகளை நாங்கள் செய்து கொடுத்தோம். தன்னுடையதை விட்டுவிட்டு எங்களுடைய நான்கு லேஞ்சிகளை இரவிரவாக அவள் தைத்தாள். அந்தத் தவணை தையலில் அவளை விட எங்களுக்குத்தான் புள்ளி கூட. அதுமட்டுமல்ல, அவளுக்கு 'மெசின்' என்று பட்டமும் வைத்தோம். அதைச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதனால் அது பகிடி என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தோம்.

சாதாரண தரத்தோடு அவள் படிப்பு நின்றது. வீட்டில் அம்மம்மாவின் பழைய கைமெசின் ஒன்று இருந்தது. சிங்கர் கம்பனி இலங்கையில் கால் வைத்தது 1877 இல். அதன்பிறகு எங்கள் அம்மம்மாமாரின் சீதனங்களில் தையல் மெசினும் ஒன்றாகிவிட்டது அல்லவா? நகை அடகுக்குப் போனாலும் மெசின் வீட்டை விட்டுப் போகாது. அந்த மெசினில் அவள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தாள். நாங்கள் பல்கலைக்கழகம் போனோம், கொழும்பு போனோம், வெளிநாடு போனோம்.

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிது எண்ணெய் விட்டு விளக்கெரித்த காலத்தை இங்கிருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. எங்கள் வகுப்பில் ஊரில் நின்றவர்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நடந்தோம். அவள் அந்தக் கைமெசினைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தாள். "உடுப்பை விட்டிட்டு இரும்பைக் கொண்டுவாறாய்" என்று யாரோ ஏசியதும் எங்களுக்குக் கேட்டது.

நாங்கள் தங்கிய மண்டபத்தில் ஒரு கிழமைக்குள் அந்த மெசினின் அருமை தெரிந்துவிட்டது. பெண்கள் உடுப்பு மாற்ற மறைப்பு இல்லை. மூன்று சீலைகளை ஒன்றாகப் பொருத்தி ஒரு மறைப்புத் தைத்தாள். கிழிந்த சாரங்களில் கெடாத பகுதியை வெட்டிக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தாள். பெண்களுக்கு மாதம்தோறும் தேவைப்படும் துணியை, கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்குக் கேட்காமலே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். புதுத்துணி ஒன்றுமில்லை. எல்லாம் பிரித்து எடுத்த துணி. நூலும் அப்படியே, பழைய உடுப்பைப் பிரிக்கும்போது நீளமாக வரும் நூலை அறுக்காமல் இழுத்து ஒரு ஈர்க்குத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்வாள். தையல் ரீச்சர் எங்களுக்குத் தண்டனையாகத் தந்தது என்று நாங்கள் நினைத்த வேலை, அந்த மண்டபத்தில் எத்தனையோ பெண்களின் மானத்தைக் காத்தது. 1996 இல் ஊர் திரும்பும் வரையும் அந்த மெசின் ஓய்ந்திருக்கவில்லை.

இவ்வளவும் கண்ட பிறகாவது நாங்கள் கற்றுக்கொண்டோமா என்றால், இல்லை. அவளுக்கு நன்றி சொன்னோம், அவரவர் வழியில் போனோம். பிறகு வந்தது 2020. மார்ச் 20 ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்கு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்தவர்களும் வீட்டுக்குள்தான். முகக்கவசம் கடையில் இல்லை. வீட்டில் துணி இருந்தது, சிலரிடம் புத்தம்புது மின் மெசினும் இருந்தது. தைக்கத்தான் தெரியவில்லை. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாள்: "எங்கட மெசினைக் கூப்பிடுவமா?" நாற்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பட்டம்தான் வாயில் வந்தது. அந்த இரவு எங்களிற் சிலர் தூங்கவில்லை.

அவள் மறுக்காமல் வந்தாள். முதல் வகுப்பில் சொன்னது இதுதான்: "முதல்ல மெசினைத் தொடாதையுங்கோ. பழைய சட்டை ஒண்டை எடுத்து, துணி கிழியாமல் பிரியுங்கோ." ஒரு கிழமை பிரித்தோம். அப்போதுதான் ஒரு சட்டையின் கை எப்படிப் பொருந்துகிறது, கழுத்து எத்தனை துண்டு, ஓரத்தில் எவ்வளவு விட்டு வெட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. பிரித்த துண்டுகளை மினுக்கிப் புதுத் துணியின் மேல் வைத்தால் அதுவே வெட்டும் மாதிரி. பழைய ஊசித் துளைகளே தையல் ஓட வேண்டிய கோடு. அளவு நாடாவுக்குப் பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எங்கள் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம், வீட்டில் தைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும். பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவிடாமல் வெட்டினோம். முதற் கழுவலில் சுருங்கிவிட்டது. தையலுக்கு இடம் விடாமல் வெட்டிய முகக்கவசம் பொம்மைக்குத்தான் அளவாக இருந்தது. மெல்லிய சீலைத் துணியில் தடித்த ஊசி போட்டுத் துளைத்து வைத்தோம். மெல்லியதற்கு 11 ஆம் இலக்க ஊசி, சாதாரண பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்ததற்கு 16 என்று பின்னர் மனனம் செய்தோம். துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கியபோதெல்லாம் கீழே இருக்கும் பொபினைத்தான் குற்றம் சொன்னோம். அவள் சிரித்தாள். அடியில் சிக்கினால் பெரும்பாலும் பிழை மேல்நூலில். மெசினின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து திரும்பக் கோத்தால் சரிவரும். ஒருத்தி பையின் வாயையே சேர்த்துத் தைத்து மூடிவிட்டாள். அவள் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் என்பதை இங்கே சொல்ல அனுமதி தந்திருக்கிறாள்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, ஊரிலிருந்த எங்கள் மின் மெசின்கள் எல்லாம் மேசை அலங்காரமாகின. கால்மெசினும் கைமெசினும்தான் ஓடின. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மெசின் உங்கள் வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். துடைத்து, மெசின் எண்ணெய் சில சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவிட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். நூற்றாண்டை முன்னிட்டு, ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நூலகப் புத்தகம் கொண்டு போக 100 துணிப்பைகள் கொடுக்க எங்கள் வகுப்பு முன்வந்திருக்கிறது. 20 மைக்குரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் 2017 செப்டெம்பர் முதல் நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தும், பிள்ளைகளின் கையில் இன்னும் கடைப்பைதான். இதுவரை 37 பைகள் தைத்திருக்கிறோம். மீதியை உங்களிடம் விடுகிறோம். காசு வேண்டாம். ஆளுக்கொரு பை, உங்கள் கையால்.

முறை இதுதான். ஒரு பழைய பருத்திச் சீலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடத்தையும், இடுப்பில் செருகித் தேய்ந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். நல்ல இடத்தில் 15 அங்குல அகலம், 34 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் மேலொன்று வைத்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி கையால் நூலோடுங்கள். இரட்டைத் துணி பாரம் தாங்கும். நீளப்பாட்டுக்கு நடுவால் மடித்தால் அடியில் தையல் தேவையில்லை. நற்பக்கம் வெளியே இருக்க, இரு கரையையும் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். விளிம்பைப் பாதியாக நறுக்கி, பிறப்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கால் அங்குலத்திலும் சற்றுக் கூடுதலாக விட்டு மீண்டும் தையுங்கள். வெட்டிய விளிம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும், நூல் பிரியாது. வாய்ப்பக்கத்தை முதலில் அரை அங்குலமும் பின்னர் ஓர் அங்குலமுமாக மடித்துத் தையுங்கள். கைபிடிக்கு 22 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு நாடா வெட்டி, இரு விளிம்பையும் நடுவுக்கு மடித்து, திரும்பவும் மடித்தால் ஓர் அங்குல அகலத்தில் நான்கு மடிப்பாக வரும். நாடாவை ஓரத்தால் தைத்தபின் வாயோரத்தில் வைத்து, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்தால் அறாது. ஏறத்தாழ 14 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள பை தயார். மெசின் இல்லாதவர்கள் பின்தையலால் கையாலேயே தைக்கலாம். மகன்மாரையும் கூப்பிட்டு இருத்துங்கள். அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாமல் அவர்களும் வீட்டை விட்டுப் போக வேண்டாம்.

கோணினால் பிரித்துத் திரும்பத் தையுங்கள். துணி கோபிக்காது.

கடைசியாக ஒரு கடமை. அந்தத் தோழி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். மேடைக்குக் கூப்பிடக் கூடாது, பெயரும் சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை. அதை மீறமாட்டோம். ஆனால் சங்கத்தின் நூறு வருடக் கதையில் இது பதிவாக வேண்டும். எங்கள் லேஞ்சிகளை அவள் தைத்தாள், புள்ளியை நாங்கள் வாங்கினோம், அவளைப் பார்த்துச் சிரித்தோம். அது பகிடி அல்ல. அதற்காக இவ்வளவு பேர் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இந்த உரையை எழுதி நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினோம். தன்னைப் புகழ்ந்த இரண்டு இடங்களைப் பிரிக்கச் சொன்னாள். பிரித்துவிட்டோம். மன்னிப்புக் கேட்கும் இடத்தையும் பிரிக்கச் சொன்னாள். அதை மட்டும் நாங்கள் பிரிக்கவில்லை.