முப்பத்தோரு குறைகளும் நான் விட்ட ஒரு வரியும்
(நமது காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு வாங்குமுன் பொறியாளரை அழைத்துச் சோதிக்கும் வழக்கம் இப்போது வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அறிக்கை கைக்கு வந்தபின் என்ன செய்வது? அதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

முன்பு வேறொரு குடியிருப்பில் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். அறிக்கையில் 31 குறைகள். உடைந்த டைல்ஸ், ஒழுகும் குழாய், சரியாகச் சாத்தாத கதவு என்று எண்ணி எண்ணிப் பேரம் பேசி விலையைக் குறைத்தோம். 'குளியலறை சீலிங்கில் ஈரம்' என்ற வரியை மட்டும், பெயிண்ட் அடித்தால் போச்சு என்று விட்டுவிட்டோம். கசிவு மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து. அவர்கள் தரையை உடைத்தால்தான் சரியாகும். அவர்களோ வெளிநாட்டில். சம்மதம் வாங்க ஒன்றரை வருடம் ஆயிற்று. விலையில் குறைத்த பணத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுத் தரையை உடைக்க முடியுமா?

ஆகவே குறைகளை எண்ணாதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, ஆபத்தானவை. தூணிலோ பீமிலோ விரிசல், கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து விழும் காங்கிரீட். இவற்றுக்கு விலை பேசாதீர்கள். முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எர்த் சரியில்லை என்றால் குடியேறுமுன் போட்டுவிடுங்கள்.

இரண்டு, நம் கையில் மட்டும் இல்லாதவை. மேல் வீட்டுக் கசிவு, வெளிச்சுவர், மொட்டைமாடி, பொதுக் கழிவுநீர்க் குழாய். யார், எப்போது, யார் செலவில் சரிசெய்வது என்று மேல் வீட்டாரிடமோ அசோசியேஷனிடமோ எழுத்தில் வாங்குங்கள். பத்திரப் பதிவு அதன்பிறகுதான்.

மூன்று, காசு கொடுத்தால் தீர்பவை. குழாய், டைல்ஸ், பூச்சில் மயிரிழை விரிசல். செலவு எவ்வளவு என்று மேஸ்திரியிடம் கேட்டு, மொத்தமாக ஒரு தொகை பேசி முடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டினால் நல்ல வீடு கைநழுவிப் போகும்.

பில்டரிடம் புதிதாக வாங்குபவர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஈரத்தைப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். கீழ் வீட்டார் கசிவு என்று வந்து கதவைத் தட்டினால், தயவுசெய்து திறங்கள்.