கோடைப்பள்ளிக்கு யார் போகிறார்கள்?

(பள்ளிகொண்டாவில் ஓர் இரவுப் பாடசாலையில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக் கணக்குகளைப் போட்டுப் பழகினேன். என்னைப் பேச அழைத்த தம்பி, "அக்கா, நீங்க ஃபாரின் போய்ட்டு வந்ததைப் பத்திச் சொல்லுங்க" என்றார். ஊர் சுற்றிப் பார்த்த கதை கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். போனது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்காக அலைந்தது இரண்டு வருடம். அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் இந்தக் கோடைப்பள்ளி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இலக்கியம், பாலினம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சி அது. அமெரிக்காவில் விமர்சனத்துக்கும் கோட்பாட்டுக்குமான பள்ளி ஒன்றை 1976இல் தொடங்கினார்கள். அது பல இடங்கள் மாறி 1990களில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தும் உலக இலக்கியத்துக்கான பயிற்சி 2011இல் பெய்ஜிங்கில் தொடங்கி இஸ்தான்புல், ஹாங்காங், லிஸ்பன், டோக்கியோ என்று ஊர் ஊராகப் போனது. பெண்ணிய ஆய்வுக்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1990களிலிருந்து ஒரு கோடைப்பள்ளி நடந்து வருகிறது. இப்படி இன்னும் நிறைய இருக்கின்றன.

பெரும்பாலும் காலையில் பெரிய பேராசிரியரின் உரை இருக்கும். பிற்பகலில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் எழுதிய இயலை மற்றவர்கள் படித்து விவாதிப்பார்கள். மாலையில் தேநீர். முக்கியமான வேலையெல்லாம் அந்தத் தேநீர் நேரத்தில்தான் நடக்கிறது. யாருடைய கட்டுரை எந்த இதழுக்குப் போகும், யாருக்கு யார் பரிந்துரைக் கடிதம் தருவார், அடுத்த கருத்தரங்குக்கு யாரை அழைப்பார்கள் என்பதற்கெல்லாம் அங்கேதான் விதை விழுகிறது. முடிவில் தரும் சான்றிதழை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி கிடைப்பதுதான் விஷயம்.

அப்படி ஒரு வட்டத்தில்தான் நம்முடைய வரலாறே தொடங்குகிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கிய அண்ணல் அம்பேத்கர், 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் ஆய்வரங்கில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள் எப்படி உருவாயின, எப்படி இயங்குகின்றன என்பது பொருள். அப்போது அவருக்கு வயது 25. நம்மில் பலருக்கு முதுகலை முடித்து என்ன செய்வது என்று தெரியாத வயது.

அந்தக் கட்டுரையில் அவர் என்ன சொன்னார்? சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். சாதிக்குள்ளேயே திருமணம் நடக்க வேண்டுமானால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்து ஒருவர் மிஞ்சினால் அந்தக் கணக்கு குலைகிறது. அதைச் சரிக்கட்டத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் ஆகியவை வந்தன என்று விளக்கினார். அதாவது, பெண்ணைக் கட்டிவைக்காமல் சாதியைக் கட்டிக்காக்க முடியாது. 'பாலினம்' என்ற சொல்லே இன்றைய பொருளில் புழங்காத காலத்தில், ஓர் ஆய்வு மாணவர் சாதியையும் பாலினத்தையும் ஒரே கயிறாக முறுக்கிக் காட்டினார். உலகத்துப் பாலின ஆய்வு வகுப்புகளில் பாடநூலாக இருந்திருக்க வேண்டிய கட்டுரை அது. நம் நாட்டிலேயே பெண்ணிய வகுப்புகளுக்குள் அம்பேத்கரைக் கொண்டுபோக சர்மிளா ரெகே போன்றவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அவர் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவருடைய ஆய்வேடு 1925இல்தான் அச்சாகி வந்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டம் 1927இல்தான் கையில் கிடைத்தது. அறிவு போதாமல் இல்லை. காசும் காலமும்தான் இழுத்தடித்தன. நூறாண்டு கழித்து, 2016 ஜனவரியில், ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தபோது அவருக்குப் பல மாத உதவித்தொகை பாக்கி இருந்தது.

இனி என் கதை.

அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைத்தார். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு ஐந்து ரூபாய், ஆறு ரூபாய். மெழுகு நூலை இழுத்து இழுத்து விரல் மடிப்பில் வெடிப்பு விழும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். பிறகு ஷூ கம்பெனிக்குப் போனார். விடியும் முன்பே ஹைவேயில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பட்டையில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த நேரத்தில் ரோட்டோரம் டிபன் கேரியரோடு நிற்பவர்கள் பெண்கள்தான். தோல் ஷாப்பில் அழுக்கு வேலை யாருக்கு என்று சாதி முடிவு செய்தது. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் யாருக்கு, சூப்பர்வைசர் நாற்காலி யாருக்கு என்பதைப் பாலினமும் சேர்ந்து முடிவு செய்கிறது.

என் ஆய்வு இதைப் பற்றித்தான். வடார்க்காட்டு தலித் இலக்கியத்தில் பெண்களின் உழைப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது, எது பதிவாகாமல் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிறேன். பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் 'தகப்பன்கொடி' போன்ற நாவல்களோடு, அம்மாவின் வயதுப் பெண்கள் வேலை நேரத்தில் சொல்லிக்கொள்ளும் கதைகளையும் சேர்த்து வாசிக்கிறேன்.

ஒரு கோடைப்பள்ளிக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதிக்கு என்ன செய்வது? தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எனக்கு அது கிடைக்கவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடி ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் ஊக்கத்தொகை வருடத்துக்கு ஒரு லட்சம். அதில்தான் விடுதி, சாப்பாடு, புத்தகம், களப்பணி எல்லாம். பயண உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். குறுகிய காலப் பயிற்சிக்குத் தர விதியில்லை என்றார்கள். தடையின்மைச் சான்று கேட்ட கோப்பு ஒரு மேசையில் ஐந்து வாரம் தூங்கியது.

அம்மா பி.எஃப். முன்பணம் எடுத்தார். மகளிர் குழுவில் கடன் வாங்கினோம். விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். அம்மாவின் கணக்கில் சம்பளம் ஏறிய மறுநாளே இறங்கிவிடும்; என் கணக்கு அதற்கும் மேல். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. எனக்கு மறுத்தார்கள். அச்சடித்த தாளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது: திரும்பிப் போவீர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது.

அன்று ராத்திரி அம்மா ஒன்று சொன்னார். "நான் தைச்ச ஷூவெல்லாம் அந்த ஊருக்குத்தானே போவுது. அதுக்கெல்லாம் யாரும் இப்படிக் கேக்கலையே." இத்தனை வருடம் நான் படித்த எந்தக் கோட்பாட்டாளரும் உலகமயத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பித்தேன். இந்த முறை போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் நல்லது நிறைய இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கறுப்பினப் பெண்களை இனவெறியும் ஆணாதிக்கமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தாக்குவதைச் சட்டம் பார்க்கத் தவறுகிறது என்று கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியதை வரிவரியாக வாசித்தோம். நைஜீரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த தோழிகளோடு இரவு இரண்டு மணி வரை பேசினேன். என் இயலை அவர்கள் படித்துக் குறிப்பு எழுதித் தந்த அளவுக்கு இங்கே யாரும் தந்ததில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. வாசிப்புப் பட்டியலில் தமிழிலிருந்து ஒரே நூல், பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்து, லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்துக்குப் போனது. மகிழ்ச்சிதான். ஆனால் விவாதம் முழுக்க "எவ்வளவு வேதனை" என்பதிலேயே நின்றது. அந்த மொழியை, பேச்சுத் தமிழை எழுத்தாக்கிய துணிச்சலை, காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பை யாரும் தொடவில்லை. வெள்ளைக்காரர் எழுதினால் அது கலை, நாம் எழுதினால் வாக்குமூலம்.

இரண்டாவது, நம் நாட்டிலிருந்து வந்த இன்னொரு ஆய்வாளர். நல்ல ஆங்கிலம், மூன்றாவது தலைமுறைப் படிப்பு. சாதி இப்போது கிராமத்தில்தான் இருக்கிறது, நகரத்தில் எல்லாம் வர்க்கம்தான் என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. என் ஆங்கிலம் நடுவில் நின்றுவிடுமோ என்ற பயம். அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

கடைசி நாள் என் முறை வந்தது. தோல் பட்டையைப் பற்றிப் பேசினேன். வெளிநாடு போனாலும் சாதி கூடவே வரும், அது உலகப் பிரச்சினை ஆகும் என்று கேட்கரை மேற்கோள் காட்டி அம்பேத்கர் 1916லேயே எச்சரித்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும் 2023இல் சியாட்டில் நகரமும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய வேண்டி வந்ததைச் சொன்னேன். முடித்ததும் ஒரு பேராசிரியர் அன்போடுதான் கேட்டார்: "உங்கள் சொந்த அனுபவத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?" கோட்பாடு சொல்வது ஒரு சாராருக்கு, அனுபவம் தருவது இன்னொரு சாராருக்கு என்று நம் சமூக அறிவியல் பிளந்து கிடப்பதை கோபால் குரு 2002இல் எழுதினார். இந்தப் பிளவு கடல் தாண்டியும் இருப்பதை அன்று பார்த்தேன். "அனுபவம் இருக்கிறது, அதிலிருந்து நான் எடுத்த முடிவும் இருக்கிறது. முதலில் முடிவைப் பற்றிப் பேசுவோம்" என்றேன். பேசினோம்.

தோழர்களே, இதையெல்லாம் கேட்டு, "அப்படியானால் எதற்கு அங்கே போக வேண்டும்?" என்று சிலர் நினைக்கலாம். போக வேண்டும். நாம் போகாவிட்டால் நம்மைப் பற்றி அங்கே பேசாமல் இருக்கமாட்டார்கள். நாம் இல்லாமல் பேசுவார்கள்.

நம்மைப் போகவிடாமல் தடுப்பது வறுமை மட்டுமா? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55லிருந்து இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்றது. தலித் மாணவர் வெளிநாட்டில் இயந்திரவியல் படிக்கலாம். சாதியைப் படிக்கக் கூடாது. 1913இல் இந்த விதி இருந்திருந்தால், பண்டைய இந்திய வணிகம் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிய அம்பேத்கரே வடிகட்டப்பட்டிருப்பார். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் இரண்டுமே பட்டப்படிப்புக்கானவை. இரண்டு வாரப் பயிற்சிக்குப் போக விமானச் சீட்டும் விசாக் கட்டணமும் வேண்டும் என்றால் கதவு இல்லை. ஒரு மாணவருக்குச் செலவிடும் 36 லட்சத்தில் பல பேரை இப்படி அனுப்பலாம். அந்தக் கோரிக்கையை நாம் எழுப்ப வேண்டும். 2022 விதி முழுவதுமாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுப்ப வேண்டும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எனக்கு முப்பத்தொன்று. "இன்னும் எத்தனை நாள் படிப்பு?" என்று காலனியிலும் கேட்கிறார்கள், ஊரிலும் கேட்கிறார்கள். இதில் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒற்றுமை. பெண்ணின் கல்யாணத்தைக் கட்டுப்படுத்தித்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று அண்ணல் சொன்னது நம் வீட்டுக்கும் சேர்த்துத்தான். நம் தோழர்கள் மேடையில் அகமணத்தை எதிர்த்துவிட்டு, வீட்டில் அக்காவின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் பூட்டக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க வேண்டாம். கோடைப்பள்ளியின் ரகசியம் கட்டடத்தில் இல்லை; ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் கவனமாகப் படிப்பதில் இருக்கிறது. அதற்கு விசா வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்தில் கூடுவோம். முதுகலைத் திட்டக் கட்டுரையோ ஆய்வேட்டின் ஓர் இயலோ யாராவது ஒருவர் கொண்டுவரட்டும். படித்துவிட்டு வந்து பேசுவோம். தமிழில் பேசுவோம், ஆங்கிலத்திலும் பேசிப் பழகுவோம். நடுவில் நின்றால் பரவாயில்லை, இங்கே யாரும் சிரிக்கமாட்டோம்.

என் விண்ணப்பக் கோப்பு முழுவதையும் கொண்டுவந்திருக்கிறேன். நோக்க அறிக்கை, கட்டணத் தள்ளுபடி கேட்டு எழுதிய கடிதம், விசா மறுத்த தாள், இரண்டாவது முறை அதற்கு நான் எழுதிய விளக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே அலமாரியில் வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு வருடம் ஆனது. அடுத்துப் போகிற தங்கைக்கு இரண்டு மாதம் ஆனால் போதும்.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் எழுதிக்கொண்டு வருகிறீர்கள்? பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.