வீட்டுப்பாடம் யாருக்கு?

(யூபிலி ஆண்டில் நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பங்குத்தந்தை பேச எழுந்தால் கோயிலைப் பற்றியும் கொடிமரத்தைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச வேறு பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம் இன்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையைத் திறந்து, அதிலுள்ள டைரியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம்.

வீடு சந்திப்புக்காக மாலை ஏழு மணிக்கு மேல் ரெட்டியார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால், பல வீடுகளில் ஜெபமாலைச் சத்தத்துக்கு முன்னதாகப் பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்கிறது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ ஜவுளிக் கடையிலோ நாள் முழுதும் நின்று வேலை செய்துவிட்டு வந்த தாய், அடுப்பில் உலையை வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பெயர் 'புராஜெக்ட்'. தெர்மகோல் வாங்க ஒரு செலவு, படம் அச்சிட்டு வாங்க இன்னொரு செலவு. பிள்ளையோ பாதித் தூக்கத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறது. மறுநாள் மதிப்பெண் பிள்ளைக்கு! இந்த வீட்டுப்பாடம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதே நமது கேள்வி.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் கதையைச் சொல்லுகிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். பிள்ளையின் டைரியில் சிவப்பு மையால் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதை வாசிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினார். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெற்றோர் வரவேண்டுமாம். போனால் அன்றைய கூலி இல்லை. ஆகவே அவர் போகவில்லை. பிள்ளை இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நின்றது. "என்ன தப்பு செய்தேன் சாமி? எழுத்துத் தெரியாதது தப்பா?" என்று நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறோம்.

வீட்டுக்கு ஏதேனும் கொடுத்தனுப்பும் வழக்கம் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் அது இருந்தது. உ.வே. சாமிநாதையர் தம்முடைய 'என் சரித்திரம்' நூலில் ஓர் அழகான வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது, உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவாராம். பிள்ளை அதை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் சொல்லவேண்டும். எவ்வளவு சிறிய பாடம், பாருங்கள்! எழுத்தறியாத தாயும் "என்ன பூ சொன்னார்?" என்று கேட்கலாம். திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பாடத்தில் தாய் அவமானப்படவில்லை.

நமது மறைமாநிலத்தின் வரலாற்றையும் சற்று நினைப்போம். 1844-ஆம் ஆண்டு புதுவையில் குருக்களின் பெருங்கூட்டம் கூடிக் கல்வியைப் பற்றி ஆலோசித்தது. அதே ஆண்டில் துய்புயி சுவாமிகள் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே, மரியாயின் மாசற்ற இருதயத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையை நிறுவினார். படித்த தாய்மார் வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எண்ணி அந்தக் காலத்தில் யாரும் பள்ளி தொடங்கியிருக்க முடியாது. பிள்ளைக்குத் தெரியவேண்டியதைப் பள்ளிதான் சொல்லித்தர வேண்டும் என்பது அன்று பேசாமலே விளங்கிய சங்கதி.

பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே 1956-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சு நாட்டுக் கல்வி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது! பள்ளியில் ஒழுங்காக ஆறு மணி நேரம் உழைத்த குழந்தைக்கு அதற்குமேல் வேலை கொடுத்தால் களைப்புதான் மிஞ்சும் என்பது அவர்கள் சொன்ன காரணம். குழாய்த் தொப்பிப் போலீசும் தெருப் பெயர்களும் நமக்கு மிஞ்சின. இந்தச் சுற்றறிக்கை மட்டும் இரண்டு ஆண்டு பிந்திப் போயிற்று. ஆனால் பிரான்சிலும் அந்த உத்தரவு முழுவதும் நிறைவேறிவிடவில்லை. ஆசிரியர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அமைச்சகம் அதையே பின்னரும் பலமுறை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் அதே கதைதான். 1993-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருபாகரன், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றும், பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் ஆணையிட்டார். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரமே போதும் என்றது. வாரத்துக்கு, அன்பர்களே, நாளுக்கு அல்ல! சிறு பிள்ளைகள் மாலைப்பொழுதை எப்படிக் கழித்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லச் செய்யலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. திண்ணைப் பள்ளியின் பூப்பெயர் சற்றே வேறு உருவில் திரும்பி வந்ததுபோல் நமக்குத் தோன்றிற்று.

பின் ஏன் நிற்கவில்லை? ஆசிரியர்களைக் குற்றம் சாட்டுவது நமது நோக்கமன்று. நாற்பது நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியையின் வீட்டிலும் உலை கொதிக்கிறது. "நாங்கள் குறைத்துக் கொடுத்தால், பிள்ளைக்கு ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்று பெற்றோரே புகார் செய்கிறார்கள், சுவாமி" என்று ஓர் ஆசிரியை சொன்னார். உண்மைதான். வீட்டுப்பாடம் அதிகமானால் நல்ல பள்ளி என்ற எண்ணம் நமக்குள் வேரோடியிருக்கிறது. அந்த வேலையைத் தாயால் செய்ய முடியாதபோது டியூஷன் வருகிறது. பள்ளிக்கு ஒரு கட்டணம், பள்ளி சொல்லித் தராததற்கு இன்னொரு கட்டணம்! வசதியுள்ள வீடு தாங்கும். இல்லாத வீட்டில் பிள்ளை, "எனக்குப் படிப்பு வராது" என்று எட்டு வயதில் முடிவு கட்டிவிடுகிறது. எட்டு வயதில் கட்டிய அந்த முடிவை பதினைந்து வயதில் அவிழ்ப்பது கடினம் என்பதை வாலிபர் சங்கத்தில் நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

நிற்க. டைரிக்கு வருவோம். அது பள்ளியும் வீடும் பேசிக்கொள்ள ஏற்பட்ட நோட்டு. நாம் புரட்டிப் பார்த்த சில டைரிகளில் 'எழுதவில்லை', 'கொண்டுவரவில்லை', 'பேசுகிறான்' என்பவை தவிர வேறு செய்தி இல்லை. இன்று வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது. இரவு எட்டரைக்கு அதில் பாடம் வருகிறது. பட்டன் போன் வைத்திருக்கும் தகப்பனுக்கு அது வருவதேயில்லை. கெட்ட செய்தி மட்டும் கொண்டுவரும் தபால்காரரை யார் வாசலில் எதிர்பார்ப்பார்கள்? "இன்று தானாகவே வாசித்தாள்" என்று மாதத்தில் ஒரு நாளாவது, தமிழில், ஒரு வரி எழுதினால் என்ன?

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக, பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. பெற்றோரை வரச்சொல்லித் திட்டவேண்டும் என்று அதில் இல்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நமது உரிமையைக் காத்த தீர்ப்பு என்று மகிழ்ந்தோம். ஆனால் அந்த உரிமையைக் காட்டி ஓர் ஏழைத் தாயை வாசலில் நிறுத்தலாகாது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது, கையெழுத்துப் போடத் தெரிந்த பெற்றோரை மட்டும் நினைத்தல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பாடத்தை நீங்கள் எழுதாதீர்கள். அது கோணல் மாணலாக எழுதினால் ஆசிரியருக்கு அதன் நிலை தெரியும். உங்கள் முத்து முத்தான கையெழுத்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளையின் எதிரில் ஆசிரியரை ஏசாதீர்கள். இரவில் பத்து நிமிடம் செல்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, "இன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.

ஆசிரியர்களிடம் நாம் கேட்டுக்கொண்டதும் அவர்கள் அன்போடு ஒப்புக்கொண்டதும் இவை: ஐந்தாம் வகுப்பு வரை, பிள்ளை தனியே செய்யக்கூடியதை மட்டும் கொடுப்பார்கள், கடையில் காசு கொடுத்து வாங்கவேண்டிய எதையும் கேட்கமாட்டார்கள், பெற்றோர் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கமாட்டார்கள். பெற்றோர் சந்திப்பு இனி மாதத்தின் முதல் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்தவுடன் ஞானோபதேச வகுப்பறைகளில் நடக்கும். அப்போது யாருக்கும் கூலி போகாது. மற்ற பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, அதே அறைகளை வார நாட்களில் மாலை ஆறு முதல் ஏழரை வரை திறந்து வைக்கிறோம். விளக்கும் விசிறியும் இருக்கின்றன. நமது பங்கிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர் முறைவைத்து வர இசைந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை.

பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்யக் கோயில்பிள்ளை வாசல் மேசையில் நோட்டுடன் இருக்கிறார். எழுதத் தெரியாதவர்கள் பெயரைச் சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார்.